எதிர்மனுதாரர்: மலைப்பக்கத்துச் சித்தர்கள்

அயனும் மாலும் அடிமுடி தேடித் தோற்ற ஊர் இது. காணாத முடியைக் கண்டதாகச் சொல்லத் தாழம்பூவைச் சாட்சிக்கு அழைத்து வந்தார் நான்முகனார். சாட்சி பொய் என்பது அந்த இடத்திலேயே, ஒரே அமர்வில் தீர்ந்தது. வாய்தா கேட்பாரில்லை, நகல் மனு இல்லை, தாழம்பூ இன்றுவரை மேல்முறையீடு செய்யவுமில்லை. அண்ணாமலையில் காலத்தோடு முடிந்த வழக்கு அது ஒன்றே. அதன் பிறகு எழுந்த வழக்குகளையெல்லாம் மனிதர் கையில் ஒப்படைத்துவிட்டுப் பெருமான் மலையாகச் சமைந்துவிட்டார்.

கீழ்பென்னாத்தூர் அருணகிரிக்கு இந்தப் புராணம் தெரியும். அதைச் சட்டக் கண்கொண்டு பார்க்கும் பேறு மட்டும் ஆவணிப் பௌர்ணமி வரை அவருக்கு வாய்க்கவில்லை. கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே ஓடும் தனியார் பேருந்தில் அவர் நடத்துநர். நின்றுகொண்டே பிழைப்பவர். பௌர்ணமி பேருந்துக்கு வசூல் நாள். அந்த நாளில் விடுப்பா என்று முதலாளி முகத்தைச் சுளிப்பார். அருணகிரி அதைப் பொருட்படுத்தாமல் மனைவி திரௌபதியை அழைத்துக்கொண்டு மலையை வலம்வர வந்துவிடுவார்.

வலம்வருவதற்கு ஒரு முறை உண்டு. மலையை வலக்கைப் பக்கமாக வைத்து நடக்க வேண்டும். நடப்பவர் பாதையின் இடப்பாதியோடு நிற்க வேண்டும். மலையை ஒட்டிய வலப்பாதி சித்தர்களுக்கு உரியது. அவர்கள் கண்ணுக்குப் புலப்படாமல் அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். மானிடர் குறுக்கே புகுந்து அவர்கள் மேல் இடித்துவிடலாகாது. யார் எழுதி வைத்த விதி என்று எவரும் கேட்டதில்லை. கேட்காமலே கடைப்பிடிக்கப்படுகிற விதி இந்த ஊரில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

அன்று அந்தி வேளையில் அடி அண்ணாமலைக்கு அருகே யாரோ ஒரு புண்ணியவான் சாம்பார்சாதம் வழங்கிக்கொண்டிருந்தார். இடப்பாதி முழுவதும் வரிசை அடைத்திருந்தது. அருணகிரி வரிசையைக் கடக்க வலப்பாதியில் இரண்டு எட்டு வைத்தார். எதிரே ஒரு வேன் வந்தது. பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் வண்டிகள் வரக்கூடாது. அந்த வேன் வந்ததற்குக் காரணம் இருந்தது: ‘இன்று வாகனங்களுக்கு அனுமதி இல்லை’ என்று எழுதிய பலகைகளை அங்கங்கே நடுவதற்காக அது ஏற்றிக்கொண்டு வந்தது. அருணகிரியின் வலக்கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் முறிந்து மடங்கியது. வேனிலிருந்து சரிந்த பலகை ஒன்று அவர் மார்பின் மேல் விழுந்து, படிக்க ஏதுவாக நிமிர்ந்து நின்றது.

வலி சற்றுத் தாமதமாக வந்தது. சில வாரங்களில் போயும்விட்டது. அது இருந்த இடத்தில் ஒரு மரத்த தன்மை வந்து குடியேறியது. பின்னர் நடந்தவை யாவும் அந்த மரத்த தன்மைக்குள் நடந்தவையே.

மாவுக்கட்டைப் பிரித்த அன்று எலும்பு மருத்துவர் அருணாதேவி எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“எலும்பு சேருதுங்க. ஆனா கோணலா சேருது. ஒரு ஆபரேஷன் பண்ணி, கம்பி வச்சு நேராக்கிடலாம். தை மாசத்துக்குள்ள பண்ணிடணும்.”

“அதுக்கு அப்புறம்னா?” என்று திரௌபதி கேட்டாள்.

“அதுக்கு அப்புறம் எலும்பு கெட்டியாயிடும். முட்டியும் கணுக்காலும் அந்தக் கோணலுக்கே பழகித் தேஞ்சிடும். அப்ப நான் ஒன்னும் பண்ண முடியாது. இவர் வேலை இன்னா?”

“பஸ்ல கண்டக்டர்.”

“அப்படின்னா சீக்கிரம் வாங்க. ஓடற பஸ்ல இந்தக் காலை வச்சுக்கிட்டு நிக்க முடியாது.”

அறுவைக்குப் பணம் வேண்டும். அந்தப் பணம் வழக்கிலிருந்து வரும் என்றார்கள். ஆகவே தம்பதியர் வழக்கறிஞர் சரவணகுமாரிடம் போனார்கள். நெற்றி நிறையத் திருநீறும் மேசை நிறையக் கட்டுகளுமாக இருந்த இளைஞர் அவர். அறுவை என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்தே நின்றுவிட்டார்.

“அண்ணே, அந்தத் தப்ப மட்டும் பண்ணிடாதீங்க. மருத்துவக் குழு வந்து ஊனத்த அளக்கும். இத்தனை சதவீதம்னு சர்டிபிகேட் தரும். அதுமேலதான் இழப்பீடு. கால் நேராயிடுச்சுன்னா சதவீதம் கம்மியாயிடும். அப்புறம் எதுக்குக் கேஸு?”

“அப்ப கேஸ் முடிஞ்சு பணம் வந்தாத்தான் ஆபரேஷன்,” என்றாள் திரௌபதி, ஒவ்வொரு சொல்லாக. “ஆபரேஷன் பண்ணிட்டா பணம் வராது.”

“ரொம்பக் கரெக்டா புரிஞ்சிக்கிட்டீங்க அக்கா. சில பேருக்கு இத விளக்கவே எனக்கு அரை நாள் ஆவும்.”

“தை மாசத்துக்குள்ள முடியுமா?”

“எந்தத் தைன்னு சொல்லலையே டாக்டரு?” என்று சொல்லிச் சிரித்தார் சரவணகுமார். வேறு யாரும் சிரிக்காததால் விண்ணப்பத்தாளை எடுத்தார்.

கிரிவலப் பாதை விபத்து இழப்பீட்டுத் தனித் தீர்ப்பாயம் ஊருக்கு வெளியே ஒரு வட்டமான கட்டடத்தில் இயங்கியது. எட்டுத் திக்கிலும் எட்டு லிங்கங்கள் மலையைக் காத்து நிற்பதைக் கண்டு மகிழ்ந்த அதிகாரி ஒருவர், தீர்ப்பாயத்துக்கும் எட்டுத் திக்கில் எட்டுச் சாளரங்கள் வைத்துவிட்டார். கிழக்கில் மனுவைப் பெறுவார்கள். தென்கிழக்கில் முத்திரை இடுவார்கள். தெற்கில் முத்திரை சரியா என்று பார்ப்பார்கள். இப்படியே சுற்றி வந்தால் வடகிழக்கில் மனுவைத் திருப்பித் தருவார்கள். அதை மறுபடி கிழக்கில் கொடுக்க வேண்டும். கட்டைக்கோலை ஊன்றி நடந்த அருணகிரி, தெற்கிலிருந்து ஒரு தடவை தென்கிழக்குக்கே திரும்ப முயன்றார். சாளரத்துக்குள்ளிருந்து ஒரு குரல் தடுத்தது.

“அப்படி இடமா வரக்கூடாதுங்க. முழுசா சுத்திக்கிட்டு வாங்க. இங்க எல்லாம் முறைப்படிதான்.”

முதல் விசாரணை நாளில் தீர்ப்பாயத் தலைவர் காலைப் பார்க்க விரும்பினார். அருணகிரி வேட்டியை முழங்கால்வரை தூக்கிக் காலை ஒரு முக்காலியின் மேல் வைத்தார். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, ஆகமம் கற்றவர் திருமேனியின் அளவைச் சரிபார்ப்பது போலக் காலை மேலிருந்து கீழாக நோக்கினார். பிறகு பேசினார்.

“மனுதாரரே, இன்று முதல் இந்தக் கால் தங்களுடையது மட்டுமன்று. இது தீர்ப்பாயத்தின் முன் வைக்கப்பட்ட சான்றுப்பொருள். இதைத் தங்கள் உடம்போடு சேர்த்து வைத்துக்கொள்ளத் தீர்ப்பாயம் கருணையோடு அனுமதிக்கிறது. பொருள்வைப்பறையில் இடமில்லை என்பதும் ஒரு காரணம். எனினும் கருணையே முதற்காரணம்.”

எழுத்தர் ஒருவர் மண்டியிட்டு அமர்ந்து, கணுக்காலுக்கு மேல் சிவப்புக் கயிற்றால் ஒரு சீட்டைக் கட்டி, முடிச்சின் மேல் அரக்கை உருக்கி ஊற்றினார். சுடுகிறதா என்று கேட்டார். அருணகிரி யோசித்துப் பார்த்தார். சுடவில்லை.

ஊருக்குத் திரும்பும் பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண்மணி அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“எந்தக் கோயில் காப்புங்க இது? அரக்கெல்லாம் வச்சுக் கட்டியிருக்காங்க.”

“கோர்ட்டுக் கோயில்மா,” என்றாள் திரௌபதி. “வேண்டுதல் முடியற வரைக்கும் அவுக்கக் கூடாது.”

“விரதம் கடுசுங்களா?”

“கால் நேராவக் கூடாது. அதான் விரதம்.”

அந்தப் பெண்மணி குனிந்து கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஐப்பசியில் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் மாறன் எதிருரை தாக்கல் செய்தார். குரலை உயர்த்தாமல், வெண்ணெயில் கத்தியை இறக்குவது போலப் பேசும் வல்லுநர் அவர்.

“மனுதாரர் எந்தப் பாதியில் நடந்தார்? வலப்பாதியில். அது யாருக்கு உரியது? சித்தர்களுக்கு. ஆக, மனுதாரர் பிறர் இடத்தில் அத்துமீறி நுழைந்தவர். எங்களிடம் காப்பீடு செய்த வேனும் அதே பாதியில்தானே போயிற்று என்று கேட்கலாம். சித்தர்கள் அரூபமானவர்கள். அவர்கள் ஊடே வேன் போனால் வேனுக்கும் சேதமில்லை, சித்தர்களுக்கும் சேதமில்லை. மனுதாரர் அரூபமானவர் அல்லர். இந்த வழக்கின் வேரே அதுதான்.”

தீர்ப்பாயத் தலைவர் தலையை மெல்ல அசைத்தார். சரவணகுமார் எழுந்தார்.

“சார், சித்தருங்க அங்க நடக்கறாங்கன்றதுக்கு ஆதாரமே…”

“வழக்கறிஞர் சித்தர்கள் இல்லை என்கிறாரா?” என்று தலைவர் குறுக்கிட்டார். “இந்த ஊரில்? இந்த மலையடியில்?”

அறையில் இருந்தவர் யாவரும் சரவணகுமாரின் நெற்றியைப் பார்த்தார்கள். அவர் திருநீற்றைத் தொட்டுக்கொண்டு, “இல்லைன்னு நான் எப்பங்க சொன்னேன்,” என்று சொல்லி அமர்ந்துவிட்டார்.

“இருக்கிறார்கள் என்றால், அவர்கள் பாதியில் நடந்த ஒன்றை அவர்களைக் கேட்காமல் தீர்ப்பது எங்ஙனம்? எதிர்த்தரப்பைக் கேளாமல் இந்தத் தீர்ப்பாயம் எந்நாளும் தீர்ப்பளித்ததில்லை. கேட்டபின் தீர்ப்பளித்ததும் அரிது என்பது வேறு. மலைப்பக்கத்துச் சித்தர்களை மூன்றாம் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்து நோட்டீசு அனுப்புக.”

அருணகிரியும் உள்ளூர அதை மறுக்கவில்லை. சித்தர்கள் நடக்கிறார்கள் என்பதில் அவருக்கு எக்காலத்திலும் ஐயமிருந்ததில்லை. விழுந்து கிடந்தபோது தம்மைத் தாண்டிப் போனவர்களில் சிலர் அவர்களாகவும் இருக்கலாம் என்றே அவர் எண்ணியிருந்தார்.

நோட்டீசைச் சேர்ப்பிக்கும் பொறுப்பு தீர்ப்பாயத்தின் அமீனா மணிவேலின் தலையில் விழுந்தது. ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். இதுவரை திருப்பிக் கொண்டுவந்த நோட்டீசு இல்லை என்ற நற்பெயர் உடையவர். அடுத்த விசாரணையில் கூண்டேறி அவர் தம் அறிக்கையைச் சொன்னார்.

“ஐயா, காவி கட்டினவங்க, சடை வச்சவங்க எல்லாரையும் கேட்டுப் பார்த்தேன். நீங்க சித்தராங்கன்னு. ஆமான்னு சொன்னவங்க சித்தரா இருக்க முடியாதுங்க. இல்லைன்னு சொன்னவங்க மேல சந்தேகம் ஜாஸ்தியாயிருச்சு. ஆனா அவங்க வாங்க மாட்டேன்னுட்டாங்க. ஒருத்தர் வாயே திறக்கலை. இவர்தான்னு கால்ல வுழுந்து நோட்டீச நீட்டினேன். விசாரிச்சா அவருக்குக் காது கேக்காதாம்.”

“பிறகு?”

“சட்டப்படி அந்த இடத்துலயே ஒட்டிட்டேங்க. அடிபட்ட எடத்துக்கு எதுத்தாப்புல மலையோரமா ஒரு புளியமரம் இருக்குது. அதுல.”

“எவரேனும் பெற்றுக்கொண்டனரா?”

மணிவேல் சற்றுத் தயங்கினார். “ஒரு கொரங்கு வந்து கிழிச்சுதுங்க. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்துச்சு. அப்புறம் தின்னுடுச்சு.”

தலைவர் எழுத்தரை நோக்கிச் சொல்லச் சொல்ல அது பதிவாயிற்று: “வளாகத்தில் வசிக்கும் வயதுவந்த ஆண் ஒருவர் பெற்றுக்கொண்டார். உள்ளடக்கத்தை உணர்ந்தார். ஒப்பமிட மறுத்தார்.” சித்தர்கள் முன்னிலையாக மேலும் ஒரு வாய்தா வழங்கப்பட்டது. அவர்கள் வெளியூர் போயிருக்கக் கூடும் என்று மாறன் பெருந்தன்மையோடு குறிப்பிட்டார்.

காலில் வளைவு மெல்லக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது. பாதம் வெளிப்புறமாகத் திரும்பிக்கொண்டது. திரௌபதியின் நச்சரிப்புக்கு இரங்கிச் சரவணகுமார், காலை நேராக்கிக்கொள்ள அனுமதி வேண்டி ஒரு மனுப் போட்டார். சான்றைக் கலைக்கும் முயற்சி இது என்றார் மாறன். தலைவர் இரு தரப்பையும் கேட்டுவிட்டுக் கண்களை மூடிக்கொண்டு பேசினார். அவர் கண்மூடிப் பேசினால் அது எழுத்தருக்கு மட்டுமல்லாமல் வருங்காலத்துக்கும் சொல்வதாக அர்த்தம்.

“கோணல் என்பது விபத்து இட்ட கையெழுத்து. அதை அழிக்க அனுமதித்தால் நாளை கையெழுத்தில்லாத விபத்துகள் இந்தத் தீர்ப்பாயத்தை முற்றுகையிடும். மற்ற வழக்குகளில் காலம் செல்லச் செல்லச் சாட்சிகள் மறக்கிறார்கள், தாள்கள் செல்லரிக்கின்றன. இந்த வழக்கில் மட்டுமே சான்று நாளுக்கு நாள் கெட்டிப்படுகிறது. என் பணிக்காலத்தில் இப்படி ஒரு சான்றைக் கண்டதில்லை. மனு தள்ளுபடி.”

இடையில் ஒரு வாய்தாவுக்கு அருணகிரி காய்ச்சலில் கிடந்தார். வர இயலவில்லை என்று திரௌபதி சரவணகுமாருக்கு ஆளனுப்பினாள். சரவணகுமார் அதைத் தீர்ப்பாயத்தில் சொன்னபோது, “மனுதாரர் வரவேண்டியதில்லை, கால் வந்தால் போதும்,” என்று ஆணையாயிற்று. கால் போர்வைக்குள் சுருண்டபடி ஆட்டோவில் வந்தது. அருணகிரியும் உடன் வந்தார்.

கார்த்திகைத் தீபத்தின் கூட்டம் வடிந்த பின் தீர்ப்பாயம் விபத்து நடந்த இடத்தைப் பார்வையிட்டது. எழுத்தர்களும் வழக்கறிஞர்களும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இடப்பாதியில் ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். ஒருவர் வலப்பாதிக்குள் அளவுநாடாவை எறிந்து, சித்தர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு இழுத்துக்கொண்டார். தலைவரின் கார் மட்டும் நேரே வந்து வலப்பாதியில், புளியமரத்தின் நிழலில் நின்றது.

திரௌபதி சத்தமாகவே சொன்னாள்: “கார் சித்தருங்க பக்கம் நிக்குது.”

தலைவர் இறங்கிப் புன்னகைத்தார். அவருக்குக் கோபம் வரவில்லை.

“அம்மணி, நீதி எந்தப் பக்கமும் சாயாது. ஆகையால் அது எந்தப் பக்கத்திலும் போகலாம்.”

இது மிக ஆழ்ந்த கருத்து என்று வழக்கறிஞர்கள் இருவரும் ஒருமித்து ஒப்புக்கொண்டார்கள். அந்த வழக்கில் இரு தரப்பும் ஒருமித்தது அந்த ஒரு முறைதான்.

மார்கழி பிறந்தது. விடியலில் தெருவெங்கும் திருவெம்பாவை ஒலிக்க, வாசலில் உட்கார்ந்து காலைப் பார்த்துக்கொண்டிருந்த கணவர் எதிரே திரௌபதி கையில் கோலமாவோடு வந்து நின்றாள்.

“இன்னாங்க, போதும். கேஸும் வேணாம், ஒன்னும் வேணாம். என் செயினை அடகு வைக்கறேன். டாக்டரம்மா கிட்ட போயி காலை நேராக்கிக்குவோம்.”

“நேராக்கிக்கறதுன்னா கேஸை வாபஸ் வாங்கணும்.”

“வாங்குங்க. யாரு இன்னா சொல்லப்போறா? நமக்கு நாமே வேணாம்னு சொல்லத் தீர்ப்பாயம் வேணுமா?”

வேண்டியிருந்தது. எட்டுச் சாளரங்களையும் சுற்றி வந்த பிறகு வடகிழக்கில் இருந்த எழுத்தர் விதியை எடுத்துச் சொன்னார். வழக்கைத் திரும்பப் பெற எதிர்மனுதாரர் அனைவரும் ஆட்சேபணை இல்லை என்று ஒப்பமிட வேண்டும். வேன்காரர் தயார். காப்பீட்டு நிறுவனம் மிகத் தயார். சித்தர்களின் ஒப்பம் வேண்டும்.

“அவங்க கையெழுத்த எங்கங்க போய் வாங்கறது?” என்று அருணகிரி கேட்டார்.

“அது மனுதாரர் பொறுப்பு. நோட்டீஸ் வாங்கிக்கிட்டாங்களே. அட்ரஸ் இல்லாதவங்களா வாங்குவாங்க?”

அங்கிருந்து நேரே அருணாதேவியிடம் போனார்கள். அவர் முதலில் எக்ஸ்ரேயையும், பிறகு கணுக்காலையும் பார்த்தார். அரக்கு முத்திரையைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார்.

“சீல் இருக்கறப்ப நான் தொட்டா என் லைசென்ஸ் போயிடும்மா. சீலை அவுத்துட்டு வாங்க. இன்னிக்குச் சாயங்காலமே வந்தாலும் சரி, தியேட்டர ரெடி பண்றேன்.”

“நானே கத்திரிச்சுடறேன்,” என்றாள் திரௌபதி.

அருணகிரி காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார். சான்றுப்பொருளின் முத்திரையை உடைத்தால் சிறை என்று அந்தச் சீட்டிலேயே அச்சடித்திருந்தது. கால் கோணலாகச் சிறை போவதைவிடக் கோணலாக வீட்டில் இருப்பது நல்லது என்று அவருக்குத் தோன்றியது. 

தை வந்தது, போனது. பேருந்து முதலாளி வேறு ஒருவரை வைத்துக்கொண்டுவிட்டதாகச் சொல்லியனுப்பினார். மாசியில் மருத்துவக் குழு கூடிக் காலை அளந்து சான்றிதழ் கொடுத்தது. பங்குனியில் தீர்ப்பு.

தலைவர் எழுந்து நின்றே படித்தார்.

“மனு தாக்கலானபோது மனுதாரரின் ஊனம் சொற்பம். இன்று மருத்துவக் குழு அதைக் கணிசம் என்கிறது. இது தீர்ப்பாயம் காட்டிய பொறுமையால் மனுதாரர் அடைந்த வளர்ச்சி. தாமதம் தாமதம் என்று நம்மை நிந்திப்போர் இந்தக் காலை வந்து பார்க்கட்டும். விரைந்து தீர்த்திருந்தால் இவர் எவ்வளவு இழந்திருப்பார்?” சற்றே நிறுத்தி, அனைவரையும் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். “பொறுப்பைப் பகிர்வோம். நடக்கக்கூடாத பாதியில் நடந்ததால் மனுதாரருக்கு ஒரு சிறு பங்கு. வேனுக்கு ஒரு சிறு பங்கு. மீதி முழுவதும் மலைப்பக்கத்துச் சித்தர்கள் மேல். தம் பாதியில் பிறர் நுழையும் அபாயத்தை எச்சரிக்க அவர்கள் ஒரு பலகைகூட வைக்கவில்லை.”

“பலகை வேன்லதான் இருந்துச்சு,” என்று திரௌபதி முணுமுணுத்தாள். அது பதிவாகவில்லை.

சித்தர்கள் அழைத்தும் வாராமையால் அவர்கள் இல்லாமலே தீர்ப்பு அவர்களைக் கட்டுப்படுத்தியது. எழுத்தர் வந்து காலிலிருந்த கயிற்றை அறுத்தார். பெற்றுக்கொண்டபோது இருந்த நிலையிலேயே கால் திருப்பித் தரப்பட்டது என்ற வாசகத்தின் கீழே அருணகிரி கையெழுத்திட்டார்.

அன்று மாலையே அருணாதேவி காலை மடக்கிப் பார்த்தார், மடங்கவில்லை. நீட்டிப் பார்த்தார். பிறகு காலைக் கீழே வைத்தார்.

“இனிமே உடைச்சு நேராக்கினாலும் மூட்டு தாங்காதுங்க. முன்னாடியே வந்திருக்கணும்.”

“முன்னாடியே வந்தோங்க,” என்றாள் திரௌபதி.

மருத்துவர் தலையைக் குனிந்துகொண்டு, கால்விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். “நான் தொடறது தெரியுதா?”

“தெரியலைங்க,” என்றார் அருணகிரி. எப்போதிலிருந்து என்று அவர் கேட்டதற்கும் அருணகிரியால் சொல்ல இயலவில்லை.

வேனுக்குரிய சிறு பங்கை எதிர்த்துக் காப்பீட்டு நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போய்விட்டது. அது முடியும்வரை கொடுக்க வேண்டியதில்லை. சித்தர்கள் மேல்முறையீடு செய்யவில்லை. ஆகவே அவர்கள் பங்கை வசூலிக்கத் தடையேதும் இல்லை என்று சரவணகுமார் மகிழ்ந்து கூறினார். அவர்களுக்குப் பணமில்லை என்பது மணிவேலின் விசாரணையில் தெரியவந்தது. அசையாச் சொத்து மட்டும் இருந்தது. விபத்து நடந்த இடத்தில், வலப்பாதியில், ஓர் ஆள் கைகால் நீட்டிப் படுக்கும் அளவு நிலத்தை ஜப்தி செய்து, பறையறைந்து, அடையாளமாக ஒரு கூழாங்கல்லைக் கையில் கொடுத்து, அருணகிரியின் அனுபோகத்தில் மணிவேல் ஒப்படைத்தார்.

“ஒரு கண்டிஷன் இருக்குதுங்க,” என்று அவர் தயக்கத்தோடு சொன்னார். “சித்தருங்க எப்படி அனுபவிச்சாங்களோ அப்படியே நீங்களும் அனுபவிக்கணும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வந்து நிக்கணும். வரலைன்னா சொத்து அவங்களுக்கே திரும்பிடும். என்னைத் தப்பா நெனைச்சுக்காதீங்க. நான் கொண்டாந்து குடுக்கறவன்தான்.”

சித்திரைப் பௌர்ணமியன்று வெயில் தணிந்த பிறகு அருணகிரி தம் சொத்தின் மேல் நின்றார். சவரம் செய்துகொள்ளும் வழக்கம் எப்போதோ நின்றுபோயிருந்தது. தாடி மார்பைத் தொட்டது. நெற்றியில் திருநீறு. கோலின் மேல் இரு கைகளையும் வைத்துச் சாய்ந்து, கோணல் கால் ஒருபுறம் திரும்பியிருக்க, மலையைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். திரௌபதி தண்ணீர்ப் பாட்டிலோடு எதிர்ப்பக்கத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“மரத்தடிக்காவது இப்படி வாயேன்,” என்று அவர் ஒருமுறை அழைத்தார்.

“நான் அங்க காலை வைக்க மாட்டேன்பா. அது உங்க சொத்து. அப்புறம் என் காலுக்கும் சீட்டு கட்டுவாங்க.”

இடப்பாதியில் மக்கள் வெள்ளம் நகர்ந்துகொண்டிருந்தது. எவரும் கால்வைக்காத பாதியில் தனியே ஒருவர் பேசாமல் நிற்பதை அவர்கள் கண்டார்கள். முதலில் ஒருவர் கைகூப்பினார். அவரைப் பார்த்து அடுத்தவர். சிலர் ஓரத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அருணகிரிக்கு அது புரிய நேரமாயிற்று. புரிந்த பின்னும் மறுக்கும் முயற்சியை அவர் மேற்கொள்ளவில்லை. இல்லை என்று சொன்னால் சந்தேகம் அதிகமாகும் என்பதை அமீனாவின் வாய்மொழியில் அவர் கேட்டிருந்தார்.

போளூர்ப் பக்கத்துக் கணவனும் மனைவியும் கூட்டத்திலிருந்து விலகி வந்தார்கள். அந்தப் பெண் துணிந்து வலப்பாதிக்குள் வந்து, குனிந்து கோணல் காலைத் தொட்டாள். தொடுகை அவருக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்தே அறிந்தார்.

“சாமி, எந்தம்பிக்கு லாரி மோதிக் கை உடைஞ்சிருச்சு. கேஸ் போட்டிருக்கோம். நாலு மாசமா இழுத்துக்கிட்டே கிடக்குது. நல்லபடியா முடியுமா? ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி.”

அருணகிரி அவள் பக்கம் திரும்பினார். பல மாதங்களாக அவர் இத்தனை சொற்களைச் சேர்த்துப் பேசியதில்லை. குரல் கரகரத்து வந்தது.

“கைக்கு மொதல்ல வைத்தியம் பாருங்கம்மா. எலும்பு கெட்டியாவறதுக்குள்ள பாத்துடுங்க. கோணலா சேர விட்றாதீங்க. கேஸ் கிடக்கட்டும்.”

அவள் கண்ணீர் மல்கக் கைகூப்பிப் பின்னோக்கியே நடந்து இடப்பாதிக்குப் போனாள். கணவன் அவளை அணைத்தாற்போல் கூட்டத்துக்குள் அழைத்துச் சென்றான்.

“இன்னா சொன்னாருடி?”

“கைக்கு மொதல்ல வைத்தியம் பாக்கணுமாம். கோணலா சேரக் கூடாதாம்.”

அவன் சிறிது தூரம் யோசித்துக்கொண்டே நடந்தான்.

“சித்தருங்க எதையும் நேரா சொல்ல மாட்டாங்கடி. கைன்னா கை இல்ல. எலும்புன்னா எலும்பு இல்ல. உள்ள பெரிய அர்த்தம் இருக்குது. நமக்கெல்லாம் புரியாது.”

“அப்ப யாரைக் கேக்கறது?”

“வக்கீலத்தான். அதுவரைக்கும் கையை அப்படியே வச்சிருக்கச் சொல்லு.”